கோர்பி மடாதிபதி அடலார்டு: அரண்மனையை உதறியவர் ஏன் திரும்பிப் போனார்?

ஜூன் 3, வாசகர் ஒருவரின் கேள்வி

எட்டாம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியை ஆண்ட பிராங்கு அரசர் சார்லமேனின் சொந்தக்காரர் அடலார்டு இளம் வயதில் அரண்மனையை வெறுத்துத் துறவியானார் என்று படித்தேன். அதே ஆள் பிறகு மடாதிபதியாகி, இத்தாலியில் அரசனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்சி நடத்தியிருக்கிறார். இது என்ன துறவு? அரச குடும்பத்துப் பையன் பதவிக்கு வேறு வழியில் வந்தான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மறுப்பவர்கள் ஆதாரத்தோடு சொல்லுங்கள்.

ஜூன் 3, இரவு

மறுக்கிறேன். ஆனால் அவர் எதற்காகப் போனார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அடலார்டின் அப்பா பெர்னார்டு, சார்ல்ஸ் மார்டெலின் மகன். சார்லமேனின் அப்பா பிப்பின் அரசருக்கு வேறு தாய் வழிச் சகோதரர். ஆக, சார்லமேனும் அடலார்டும் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள். அரண்மனையிலேயே வளர்ந்த பையன். 770இல் சார்லமேன் தன் அம்மா பெர்ட்ராடாவின் பேச்சைக் கேட்டு இத்தாலியை ஆண்ட லோம்பார்டு அரசன் டெசிடேரியஸின் மகளை மணந்தார். ஒரு வருடம்கூட நிலைக்கவில்லை. அவளைத் தந்தை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டு ஹில்டெகார்டைக் கட்டிக்கொண்டார். காரணம் என்ன என்று சார்லமேனின் வரலாற்றை எழுதிய ஐன்ஹார்டே சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் பெயர்கூட உறுதியாக நமக்கு வந்து சேரவில்லை.

அந்தக் கல்யாணத்துக்காகப் பிராங்கு பெரியவர்கள் சத்தியம் செய்து கொடுத்திருந்தார்கள். பெண்ணை அனுப்பியதும் அந்தச் சத்தியம் பொய்யாயிற்று. அடலார்டுக்கு அப்போது இருபது வயது இருக்கும். குற்றம் எதுவும் செய்யாத மனைவியைத் தள்ளிவைத்தது முறையல்ல, அந்த மனைவி உயிரோடு இருக்கும்போது புதிய அரசிக்குப் பணிவிடை செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டு கோர்பி மடத்தில் போய்ச் சேர்ந்தார். சோம் ஆற்றங்கரையில், அமியான் நகருக்குப் பக்கத்தில் இருந்த மடம் அது. 657க்கும் 661க்கும் இடையில் பால்ட்டில்டு அரசி நிறுவியது.

பதவிக்காகப் போகிறவன் அரசனின் புதிய கல்யாணத்தைக் குறை சொல்லிவிட்டா போவான்? இருபது வயதில் அரசனோடு ஒட்டிக்கொள்வதுதான் எல்லோருக்கும் தெரிந்த வழி.

ஜூன் 4

இன்னொன்று. மடத்தில் அவருக்கு முதலில் கொடுத்த வேலை தோட்ட வேலை. அரசனின் பங்காளிக்குக் காய்கறிப் பாத்தி! இதைச் சொல்பவர் பாஸ்காசியஸ் ராட்பெர்டஸ், அடலார்டிடமே வளர்ந்து அவருடைய வாழ்க்கையை எழுதிய துறவி. அவருடைய கதையும் தனி: பெற்றோரால் கைவிடப்பட்ட குழந்தையாக சுவாசோன் நகரத்துக் கன்னியர் மடத்தில் வளர்ந்தவர். அந்த மடத்தின் தலைவி தியோட்ராடா, அடலார்டின் அக்காவோ தங்கையோ. குடும்பமே மடங்களில் பரவியிருந்தது.

கோர்பியில் அரண்மனை ஆட்கள் வந்துபோய்க்கொண்டிருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. அதனால் இத்தாலிக்கு, மோன்டே காசினோவுக்குப் போய்விட்டார். துறவிகள் பின்பற்றும் பெனடிக்டின் விதி பிறந்த இடமே அதுதான். அங்கிருந்து அவரைத் திரும்ப அழைத்துவந்தார்கள். 780ஐ ஒட்டி கோர்பியின் மடாதிபதியானார்.

ஜூன் 4, மாலை

"அழைத்துவந்தார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள், அவர் மறுத்திருக்கலாமே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் காலத்து மடம் ஒதுங்கி வாழும் இடம் மட்டும் அல்ல. கோர்பி மாதிரி அரச மடத்துக்கு நிலம், மாவு ஆலை, குடியானவர்கள், வரி விலக்கு எல்லாம் உண்டு. அதன் தலைவர் அரசனின் ஆள் என்றே கருதப்பட்டார். சபை கூடினால் போக வேண்டும், தூது போகச் சொன்னால் போக வேண்டும். மடாதிபதி பதவியை ஏற்ற அன்றே அரண்மனையும் கூடவே வந்துவிட்டது.

நான் பல வருடம் ஒரு மாணவர் விடுதியில் மளிகைக் கணக்கு பார்த்தவன். அங்கே எனக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். வராத அரிசியை வந்ததாக ஸ்டாக் ரெஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவர் போடவில்லை. சண்டை போடவும் இல்லை. வேறு பிரிவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். சில வருடம் கழித்து நிர்வாகம் மாறியபோது ஸ்டோரை ஒழுங்குபடுத்த யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? அவரைத்தான். கையெழுத்துப் போடாத ஆள் என்பதுதான் அவருடைய தகுதி. திரும்பி வந்ததற்காக அவரை யாரும் பதவி ஆசைக்காரர் என்று சொல்லவில்லை. சார்லமேனும் அடலார்டை அப்படித்தான் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். தன் முகத்துக்கு நேராகவே தவறு என்று சொன்னவன்; தொலைதூரத்தில் தன் சின்ன மகன் பக்கத்தில் வைக்க வேறு யாரை நம்புவது?

ஜூன் 6

அந்தச் சின்ன மகன் விஷயம். 781இல் ரோமில் போப் ஹாட்ரியன் கையால் பிப்பினுக்கு இத்தாலி அரசனாக முடிசூட்டினார்கள். பையனுக்கு வயது நான்கு. ஆட்சியைப் பெரியவர்கள்தான் நடத்தியாக வேண்டும். அடலார்டு அவர்களில் முக்கியமானவர். பிப்பின் 810இல் இறந்ததும் அவன் மகன் பெர்னார்டு அரசனானபோது மறுபடியும் அடலார்டைத்தான் அனுப்பினார்கள். இரண்டு தலைமுறைக்கு ஒரே கை.

இதில் எனக்கு வேடிக்கையாக இருப்பது: லோம்பார்டு இளவரசியைத் திருப்பி அனுப்பியதற்காகக் கோபித்துக்கொண்டு போனவர், சார்லமேன் 774இல் அந்த இளவரசியின் அப்பாவிடமிருந்து பிடுங்கிய அதே நாட்டை நிர்வகிக்கப் போகிறார்.

ஜூன் 6, பின்னிரவு

தூக்கம் வரவில்லை, ரோம் சமாச்சாரத்தையும் சொல்லிவிடுகிறேன். 809 நவம்பரில் சார்லமேனின் அரண்மனை இருந்த ஆகன் நகரில் திருச்சபைச் சங்கம் ஒன்று கூடியது. பரிசுத்த ஆவி தந்தையிடமிருந்து மட்டும் புறப்படுகிறாரா, மகனிடமிருந்தும் புறப்படுகிறாரா என்பது பிரச்சினை. பிராங்குகள் நம்பிக்கை அறிக்கையில் "மகனிடமிருந்தும்" என்று சேர்த்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். போப்பின் ஒப்புதல் வாங்க இரண்டு பேரை அனுப்பினார்கள்: வோர்ம்ஸ் ஆயர் பெர்ன்ஹார், கோர்பி அடலார்டு.

போப் மூன்றாம் லியோ கொள்கையை ஒப்புக்கொண்டார். அறிக்கையில் சேர்ப்பதை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. கிரேக்கத்திலும் லத்தீனிலும் அந்தச் சொல் இல்லாத பழைய பாடத்தை வெள்ளித் தகடுகளில் பொறித்து ரோமில் வைத்தார். தூதர்கள் பாதி வெற்றியோடு திரும்பினார்கள். அடலார்டு தோற்றுத் திரும்பிய தூது என்று இதைச் சிலர் எழுதுவார்கள். போப்பிடம் வம்புக்கு நிற்காமல் கொள்கை அளவிலாவது சம்மதம் வாங்கி வந்தது சின்ன வேலை இல்லை.

ஜூன் 8

கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார்: "சத்தியக் கதையைச் சொல்பவர் அவருடைய சொந்த மாணவர். மாணவர் குருவைப் புகழத்தானே செய்வார்?"

ஆமாம், ராட்பெர்டஸ் அன்போடு எழுதுகிறார், துக்கத்தோடு எழுதுகிறார். 771இல் அவர் பிறக்கவே இல்லை. அடலார்டு வயதான காலத்தில் சொல்லக் கேட்டதாகத்தான் இருக்கும். அந்த இருபது வயதுக் கோபத்தில் பின்னாளின் மெருகு ஏறியிருக்கலாம். நான் முதல் நாள் எழுதியதை மறுபடி படித்துப் பார்த்தேன்; கோபம் அவ்வளவு சுத்தமாக, ஒரே காரணத்தோடு இருந்திருக்குமா என்று எனக்கும் இப்போது ஒரு தயக்கம் உண்டு. 771 டிசம்பரில்தான் சார்லமேனின் தம்பி கார்லோமான் இறந்து ராஜ்ஜியம் முழுவதும் ஒரே கைக்கு வந்தது. அரண்மனையில் அந்த வருடம் பலருக்கும் காலடி மண் நகர்ந்திருக்கும்.

ஆனால் கதை முழுக்கப் புனைவு என்று சொல்ல மாட்டேன். சார்லமேன் குடும்பம் ஆண்டுகொண்டிருந்தபோதே, அவர் மகனே பேரரசராக இருந்தபோதே எழுதியது அது. பெரிய சார்லஸ் முறைகேடாக மணந்தார் என்று அந்த நேரத்தில் எழுதுவதில் புகழ்ச்சி லாபம் என்ன இருக்கிறது? ஹில்டெகார்டு பெற்ற பிள்ளைதான் அப்போது சிம்மாசனத்தில்!

ஜூன் 9

அந்தப் பிள்ளை, பக்திமான் லூயி, இவருக்குச் செய்ததைச் சொல்ல வேண்டும்.

814 ஜனவரி 28இல் சார்லமேன் இறந்தார். லூயி அக்விட்டேனிலிருந்து ஆகனுக்கு வந்ததும் அப்பாவின் பழைய ஆட்களைக் களையெடுத்தார். அடலார்டை மடாதிபதி பதவியிலிருந்து நீக்கி அட்லாண்டிக் கரையோரத் தீவான நுவார்மூத்தியேவுக்கு அனுப்பினார். தம்பி பெர்னாரியஸைத் தெற்கே லெரின்ஸ் தீவுக்கு. தங்கை குண்ட்ராடாவை அரண்மனையிலிருந்து அகற்றி புவாத்தியே நகரத்துக் கன்னியர் மடத்துக்கு. அறிஞர் அல்குவின் ஆன்மாவைப் பற்றித் தான் எழுதிய நூலை அனுப்பிவைத்தது இந்தப் பெண்ணுக்குத்தான், அவ்வளவு படித்தவள். சார்லமேனின் உயில் சாட்சிகளில் கவுண்ட்களின் (வட்டார ஆட்சியாளர்களின்) வரிசையில் முதலில் நின்ற இன்னொரு தம்பி வாலாவைத் துறவியாக்கி கோர்பிக்கு. ஆக, அண்ணன் மடத்தை விட்டு வெளியே, தம்பி அதே மடத்துக்குள்ளே. கோர்பியில் இடைக்காலத் தலைவராக வைத்தவர் பெயரும் அடலார்டுதான். ஆவணம் படிப்பவர்கள் இந்த இரண்டு பேரைக் குழப்பிக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.

விசாரணை இல்லை. குற்றம் என்ன என்று வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. லூயியின் வரலாற்றை எழுதிய ஒருவர், வாலா ஏதாவது செய்துவிடுவார் என்ற பயம்தான் பெரிதாக இருந்தது என்கிறார். பயம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று எனக்கும் படுகிறது. ஏழு வருடம் அந்தத் தீவில். இதில் 817இல் இத்தாலியில் பெர்னார்டு, அடலார்டு பக்கத்தில் இருந்து வளர்த்த பையன், லூயி தன் மகன்களுக்கே எல்லாம் என்று பிரித்த ஏற்பாட்டை எதிர்த்துக் கிளம்பினான். 818இல் அவனுடைய கண்களைப் பிடுங்கினார்கள். அந்தக் காயத்திலேயே செத்தான். தீவில் இருந்த கிழவருக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்த நேரத்தை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. அவர் ஆகனில் இருந்திருந்தால் நடந்திருக்காது என்றே நம்புகிறேன்.

ஜூன் 9, இரவு

821இல் லூயி அவரைத் திரும்ப அழைத்தார். 822இல் ஆட்டிஞி என்ற ஊரில் கூடிய பெரிய சபையில் பேரரசர் எல்லோர் முன்னாலும் தன் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புக் கேட்டார். பெர்னார்டுக்குச் செய்ததற்காக; அடலார்டுக்கும் வாலாவுக்கும் செய்ததற்காக. அரசன் பகிரங்கமாகத் தவறை ஒப்புக்கொண்ட அந்த நாளில் அடலார்டு பக்கத்திலேயே இருந்தார்.

ஜூன் 11

இனி எனக்குப் பிடித்த பகுதி. அதே 822 ஜனவரியில், தீவிலிருந்து திரும்பிய கையோடு, எழுபது வயதில் இந்த மனிதர் உட்கார்ந்து மடத்துக்கான நிர்வாக விதிகளை எழுதினார். ரொட்டிக் கணக்கு, ஆலைக் கணக்கு, தோட்டக் கணக்கு, வாசல் காப்பாளரின் கடமை. நான் கோட்பாடு படித்தவன் இல்லை, மளிகைக் கணக்குக்காரன். அதனால் இதைப் படிக்கும்போது ஆள் கண்முன் தெரிகிறார்.

ஏழைகள் தங்கும் சத்திரத்துக்குத் தினமும் 50 ரொட்டி. அதில் 45, கோதுமையும் ரையும் போல இரண்டு தானியம் கலந்து அரைத்தது, ஒவ்வொன்றும் மூன்றரை பவுண்டு எடை. மீதி 5 நல்ல கோதுமை. இரவு தங்கும் ஏழைகள் பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கு ஒரு முழு ரொட்டி. காலையில் கிளம்பும்போது வழிக்கு அரை ரொட்டி. கோதுமை ரொட்டி பயணம் வரும் குருமாருக்கும் நோயாளிகளுக்கும். அந்த வழிக்கு அரை ரொட்டியைக் கவனியுங்கள். சாப்பாடு போட்டாயிற்று என்று கணக்கை மூடிவிடவில்லை, அடுத்த வேளை அவன் எங்கே இருப்பான் என்பதையும் யோசித்து எடையோடு எழுதிவைத்திருக்கிறார்.

மடத்தில் சாப்பிடுகிற தலை எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறும், 350ஐ ஒட்டி நிற்கும். அவர் 400 என்று வைத்துக் கணக்குப் போடுகிறார். குறைவதைவிட மிஞ்சுவது மேல் என்பதால். விடுதியில் இண்டெண்ட் (தேவைப் பட்டியல்) போட்டவர்களுக்குத் தெரியும், இந்த ஒரு எண்ணில்தான் ஒரு நிர்வாகியின் குணம் முழுக்க இருக்கும். தலைக்கு மேல் ஒரு கைப்பிடி கூட்டி எழுதினால் மேலே கேள்வி வரும். குறைத்து எழுதினால் கடைசிப் பந்தியில் பையன்கள் தட்டோடு நிற்பார்கள். அந்தப் பையன்களின் முகத்தைப் பார்த்தவர்கள் கூட்டித்தான் எழுதுவார்கள்.

ஆலைக்காரர்களுக்கு நிலம் கொடுத்திருக்கிறார், அவர்களிடம் உழவு, அறுவடை மாதிரி மற்ற ஊழியம் வாங்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார். அப்போதுதான் ஆலை ஒழுங்காக ஓடும். அப்புறம், பீர் வரலாறு படிப்பவர்களுக்கு ஒரு துணுக்கு: பீர் காய்ச்சுவதோடு சேர்த்து, அதற்குக் கசப்புச் சுவை தரும் ஹாப்ஸ் பூவைப் பேசும் மிகப் பழைய எழுத்துச் சான்று இந்த விதிகளில்தான் இருக்கிறது.

ஜூன் 12

"இது மடத்துச் சமையல்கட்டு. அரச ஆலோசனைக்கு என்ன சம்பந்தம்?"

நேரடிச் சம்பந்தம். அரண்மனை எப்படி இயங்க வேண்டும் என்று அடலார்டு ஒரு சிறு நூல் எழுதினார். மூலம் தொலைந்துவிட்டது. ரைம்ஸ் பேராயர் ஹிங்மார் இளைஞனாக இருந்தபோது கிழவர் அடலார்டைப் பார்த்திருக்கிறார், அந்த நூலைப் படித்துப் பிரதி எடுத்திருக்கிறார். 882இல், தன் சாவுக்குச் சற்று முன்னால், இளம் அரசனுக்கு வழிகாட்ட அதைத் தன் சொல்லில் திருப்பி எழுதினார். எது அடலார்டு, எது ஹிங்மார் என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். என் கணக்குப் பிள்ளை மூக்குக்கு, நுணுக்கமான இடங்களில் கோர்பி வாசனை அடிக்கிறது.

வருடத்துக்கு இரண்டு சபை. ஒன்று எல்லோருக்கும் பொது. இன்னொன்று மூத்தவர்களுக்கும் முதன்மை ஆலோசகர்களுக்கும் மட்டும். வரும் வருடத்தில் எந்த எல்லையில் போர் நிறுத்தம் முடிகிறது, எங்கே என்ன செய்ய வேண்டும் என்று அங்கே முன்கூட்டியே பேசி ரகசியமாக வைப்பார்கள். ஆலோசகர்கள் விவாதித்து முடிக்க ஒரு நாளோ மூன்று நாளோ ஆகட்டும், வெளியாள் உள்ளே போகக் கூடாது. அந்த நேரத்தில் அரசன் சும்மா உட்காரக் கூடாது. வெளியே கூட்டத்தில் நடந்து, அபூர்வமாக வருபவர்களிடம் பேசி, முதியவர்களிடம் பரிவு காட்டி, இளைஞர்களோடு மகிழ்ந்து இருக்க வேண்டும். சபைக்கு வருபவர் ஒவ்வொருவரும் தன் வட்டாரத்தில் மக்கள் குமுறுகிறார்களா, குமுறினால் காரணம் என்ன என்று உள்ளூர்க்காரனிடமும் கேட்டு, அந்நியனிடமும் கேட்டு, நண்பனிடமும் எதிரியிடமும் கேட்டு வர வேண்டும்.

அரண்மனை ஊழியர்களைப் பல வட்டாரங்களிலிருந்தும் எடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. தூர தேசத்திலிருந்து முறையிட வருபவன் தன் ஊர்க்காரன் ஒருவனையாவது உள்ளே பார்த்தால் தைரியமாக வருவான். வழிக்கு அரை ரொட்டி எழுதிய கைதான் இதையும் எழுதியிருக்க வேண்டும்.

ஜூன் 13

முதல் கேள்விக்குத் திரும்பிப் போகிறவர்களுக்கு: நான் அவரைப் புனிதராக்க வரவில்லை, அதைத் திருச்சபை 11ஆம் நூற்றாண்டிலேயே செய்துவிட்டது. என் கருத்து, அவர் உதறியது அரண்மனையை அல்ல, அங்கே நடந்த பொய்ச் சத்தியத்தை. அதனால் திரும்பி வருவதில் முரண் எதுவும் இல்லை. மடத்திலும் சபையிலும் யார் எதைச் செய்வார்கள், யாருக்கு எவ்வளவு என்று முன்பே சொல்லி, சொன்னபடி நடக்கும் ஏற்பாட்டைத்தான் அவர் கட்டினார்.

ஜூன் 15

மறந்துவிடாமல் இதையும். 822இல் சாக்சனியில், வேசர் ஆற்றங்கரையில், கோர்பியின் கிளையாகப் புதிய மடம் நிறுவினார்கள்: கோர்வே. சார்லமேன் முப்பது வருடம் வாளால் அடித்து அடக்கிய நாடு அது. வாலாவின் அம்மா சாக்சன் பெண் என்பதால் அண்ணன் தம்பி இருவருக்கும் அங்கே செல்வாக்கு இருந்தது. அந்தக் கோயிலின் மேற்கு முகப்பு இன்றும் நிற்கிறது, 2014இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். முகப்பு அடலார்டு காலத்ததல்ல, 873க்குப் பிறகு கட்டியது. சுற்றுலாப் பலகைகளை வைத்து அவர் கட்டியது என்று எழுதாதீர்கள்.

இறந்த வருடம் கேட்டிருந்தார்கள். ஜனவரி 2, 826 என்று சிலரும் 827 என்று சிலரும் போடுகிறார்கள்.

ஜூன் 18

வாலா என்ன ஆனார் என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். அண்ணனுக்குப் பிறகு கோர்பி மடாதிபதியானார். அண்ணனுடைய பொறுமை அவருக்கு இல்லை. லூயியின் முகத்துக்கு நேரே குறைகளைப் பட்டியலிட்டார், 830 கலகத்தில் மகன்கள் பக்கம் நின்றார், மறுபடி நாடு கடத்தப்பட்டார், 836இல் இத்தாலியில் போப்பியோ மடத்தில் இறந்தார். ராட்பெர்டஸ் இவருடைய வாழ்க்கையையும் எழுதினார். அடலார்டின் வாழ்க்கையில் ஆட்களின் பெயரைச் சொல்லிப் பேசியவர், இதில் எல்லோருக்கும் மறைபெயர் வைத்தார்: லூயி ஜஸ்டினியன், அரசி ஜூடித் ஜஸ்டினா, வாலா அர்செனியஸ். அதற்குள் நாடு அப்படி ஆகியிருந்தது. மடத்துக்குள் இருந்துகொண்டுகூடப் பெயர் சொல்லி எழுத முடியவில்லை.